மரக்கன்றுகளின் எண்ணிக்கை

சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்புறம் உள்ள சந்தொன்றில் ஒரு நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. பத்துக்குப் பத்து அடிகூடத் தேறாத இடம். வாசலில், வாய் சுருட்டி மடிக்கப்பட்ட சாக்குகளில் கடுக்காய், தான்றிக்காய், சீயக்காய், பூந்திக்கொட்டை, நெல்லிமுள்ளி. உள்ளே ஒரு தகர டப்பாவில் கல்பாசி. அக்கம்பக்கத்துப் பிரியாணிக் கடைகளுக்குக் கல்பாசி இங்கிருந்துதான் போகிறது. கடைக்காரரின் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன் மேல்விஷாரத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தது. தெருவில் எல்லோருக்கும் அவர் பாய்தான்.

தை மாதத்து மாலை ஒன்றில் அவ்வழியே வீடு திரும்பிய ஆய்வு மாணவி ஒருத்தி அந்தக் கடையில் நின்றாள். இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவள். சிறுவயதில் அம்மாவின் சீட்டை எடுத்துக்கொண்டு சீயக்காய் வாங்க வந்தவள், இப்போது காடுகளுக்கான காலநிலைத் தகவமைப்பு நிதி எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள்.

"நெல்லிமுள்ளி நல்லதா இருக்கா பாய்?"

"இருக்கிறதப் பாரும்மா. முன்னெல்லாம் கொள்ளேகால்ல இருந்து மூட்டை மூட்டையா வரும். இப்ப வர்றது பூராவும் தோட்டத்து நெல்லி. காட்டு நெல்லி கேட்டா ஏஜெண்டு சிரிக்கிறான்." தராசில் கையை வைத்தபடியே அவர் மேலும் கேட்டார்: "காட்டுக்குன்னு கோடி கோடியாப் பணம் வருதுன்னு பேப்பர்ல போடுறான். நீ அதைத்தானே படிக்கிற? அப்புறம் ஏம்மா நெல்லி வரல?"

அவளுடைய பையில் அப்போது ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. பிலிகிரி ரங்கன மலையில் உள்ள ஒரு சோளகர் குடியிருப்பின் கிராம சபை, ஒரு சிறு தகவமைப்பு மானியத்துக்காக அனுப்பவிருந்த விண்ணப்பம் அது. அதை எழுதிக் கொடுக்கும் பொறுப்பை அவள் ஏற்றிருந்தாள். படிவத்தின் நான்காம் பக்கத்தில், 'நடப்படவுள்ள மரக்கன்றுகளின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். பதினைந்து நாள்களாக அந்தக் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. பாய் கேட்ட கேள்வியும் அந்தக் காலிக் கட்டமும் ஒன்றே என்பது அவளுக்கு வீடு சேர்வதற்குள் புரிந்துவிட்டது. விடைதான் இல்லை.

பிலிகிரி ரங்கன மலை பெங்களூரிலிருந்து தெற்கே, சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம். அதன் மறுபக்கம் நம் சத்தியமங்கலக் காடு. 1974இல் அது வனவிலங்குச் சரணாலயமானது. 2011 ஜனவரியில் புலிகள் காப்பகமானது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சோளகர்களின் காட்டெரிப்பு வேளாண்மை சரணாலய அறிவிப்போடு முடிவுக்கு வந்தது. அதோடு இன்னொரு வழக்கமும் நின்றது. கோடையின் தொடக்கத்தில், சருகு காய்ந்து புல் முற்றிய நாள்களில், தரையோடு தரையாக ஓடி அணைந்துவிடும் சிறு தீயை அவர்கள் வைப்பார்கள். அதற்குத் 'தரகு பெங்கி', அதாவது சருகுத் தீ, என்று பெயர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் தீ வைப்பதைத் தடை செய்கிறது.

தீ நின்றதற்குப் பிந்தைய காட்டைப் பற்றிச் சோளகர்கள் சொல்வது இதுதான்: நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது, தரையில் உண்ணிச்செடி படர்ந்தது. பெங்களூரில் 1996இல் நிறுவப்பட்ட ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் கடந்த முப்பது ஆண்டுகளாக இந்த மலையில் செய்துள்ள ஆய்வுகள் இதில் பெரும்பகுதியை உறுதிப்படுத்துகின்றன. 1997க்கும் 2008க்கும் இடையே உண்ணிச்செடி காணப்பட்ட இடங்கள் ஏறத்தாழ இரு மடங்காயின. நெல்லி மரங்களின் சரிவுக்குப் பழம் பறிப்பதை மட்டும் குற்றவாளியாக்க முடியாது, புல்லுருவி, உண்ணிச்செடி, தீயின் வரவு அல்லது இன்மை ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நீண்டகால அளவீடுகள் காட்டின. ஆனால் அதற்கு முன்பே, வனவிலங்குச் சட்டத் திருத்தத்தின் பெயரால், 2000களின் நடுப்பகுதியில் சரணாலயத்தில் சிறுவன மகசூல் சேகரித்து விற்பது நிறுத்தப்பட்டிருந்தது. தேனும் நெல்லியும் கல்பாசியும் தந்துவந்த வருமானம் ஒரே ஆணையில் போயிற்று. வன உரிமைச் சட்டத்தின் கீழ் 2011 அக்டோபரில் இருபத்தைந்து சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமைப் பட்டயம் வழங்கப்பட்ட பிறகே, சேகரிக்கும் உரிமை சட்டப்படி திரும்பியது. நாட்டில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் இந்த உரிமை ஏற்கப்பட்டது அதுவே முதல்முறை. உரிமை திரும்பியபோது காடு மாறியிருந்தது.

தீயைப் பற்றி அறிவியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தீ உண்ணிச்செடியைக் கட்டுப்படுத்தியது என்பது சோளகர் அனுபவம். தீ காட்டைத் திறந்துவிட, உண்ணிச்செடி புகுந்து, அடுத்த தீக்கு அதுவே விறகாகிறது என்ற தீ–உண்ணிச்செடிச் சுழற்சிக் கருதுகோளை ஏட்ரீயைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005இல் முன்வைத்தார்கள். இரண்டும் முரண்போலத் தோன்றினாலும், எந்தக் காலத்துத் தீ, எவ்வளவு விறகின்மேல் ஓடிய தீ என்று கேட்டால் முரண் பெருமளவு கரைகிறது. முழங்கால் உயரப் புல்லில் ஓடும் தீயும் ஆளுயர உண்ணிப் புதரில் எழும் தீயும் ஒன்றல்ல. 2019 பிப்ரவரியில் பக்கத்துப் பந்திப்பூரில் ஏறத்தாழ 4,400 ஹெக்டேர் எரிந்தபோது, காய்ந்த உண்ணிச்செடி என்ன செய்யும் என்பதை நாடு பார்த்தது. ஆகவே பழைய தீயை இன்று அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. முதலில் புதரை எடுக்க வேண்டும்; பிறகு தீயைப் பற்றிப் பேசலாம். இது அந்தக் கிராம சபையில் உள்ளவர்களுக்கும் தெரியும்.

உண்ணிச்செடியை எடுப்பது ஒருநாள் வேலையன்று. மேலே வெட்டினால் அது இரு மடங்காகத் தழைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு வகுத்த முறைப்படி, வேர்க்கட்டையைத் தளிர் எழும் பகுதிக்குக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். அதன்பிறகும் பறவைகள் கொண்டுவரும் விதை ஒவ்வொரு மழையிலும் முளைக்கும். அவற்றைக் கையால் பிடுங்க வேண்டும். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் பிடுங்க வேண்டும். இடையில் புல் திரும்பும். புல்லுக்கிடையே ஏற்கெனவே உறங்கிக் கிடக்கும் நெல்லியும் தேக்கும் மருதும் தாமாக எழும். புல்லுருவி ஏறிய கிளைகளை மரமேறி வெட்ட வேண்டும். ஆள் வேண்டும், அரிவாள் வேண்டும், ஏழெட்டு ஆண்டுப் பொறுமை வேண்டும். கன்று வேண்டியதில்லை.

கிராம சபைக் கூட்டத்தில் அவள் அந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, முதியவர் ஒருவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கன்னடம் கலந்த தம் மொழியில் சொன்னார்: "காட்டுல நெல்லி தானா முளைக்குது தாயி. முளைச்சத உண்ணி மூடிடுது. எங்களுக்குக் கன்னு வேண்டாம். கூலியும் அனுமதியும் கொடுத்தாப் போதும்." பக்கத்திலிருந்த பெண்ணொருத்தி, கோடையில் ஊர் இளைஞர்கள் காபித் தோட்டங்களுக்கும் நகரத்துக் கட்டட வேலைக்கும் போய்விடுவதைச் சொன்னாள். கோடையில் கூலி கிடைத்தால் அவர்கள் ஊரில் இருப்பார்கள். அவர்கள் இருந்தால் தீ பிடித்தவுடன் அணைக்க ஆள் இருக்கும். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு முழுத் தகவமைப்புத் திட்டம் இருந்தது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நிதியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கதை வேறு மாதிரித் தெரியும். 2009இல் கோபன்ஹேகனில், 2020ஆம் ஆண்டுக்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்களித்தன. அந்த இலக்கு 2022இல்தான் எட்டப்பட்டதென்று அந்நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பே கணக்குக் காட்டியது. அதிலும் பெரும்பங்கு தணிப்புக்கு, அதாவது வெளியேற்றத்தைக் குறைப்பதற்கு. வந்துவிட்ட மாற்றத்தோடு வாழக் கற்பதற்கான தகவமைப்புக்குக் கிடைப்பது சிறு பங்கு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2035 வாக்கில் வளரும் நாடுகளின் தகவமைப்புத் தேவை ஆண்டுக்கு 31,000 முதல் 36,500 கோடி டாலர். 2023இல் பன்னாட்டுப் பொதுநிதியாக வந்தது 2,600 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டைவிட அது 200 கோடி குறைவு.

தணிப்புக்குப் பணம் எளிதாக வருவதற்கும் தகவமைப்புக்கு வராததற்கும் ஒரு காரணம் அளவுகோல். ஒரு டன் கரியமில வாயு உலகெங்கும் ஒரு டன்தான். ஒரு சோளகர் குடியிருப்பின் கோடை எந்த அலகில் அளக்கப்படும்? தகவமைப்பு நிதியமே தன் பிறப்பில் கரியமிலச் சந்தையை நம்பியிருந்தது. கியோட்டோ உடன்படிக்கையின் தூய்மை மேம்பாட்டுத் திட்டங்கள் ஈட்டும் வரவுகளில் 2 விழுக்காடு அதன் வருவாய். 2012 வாக்கில் அந்த வரவுகளின் விலை சரிந்தபோது நிதியத்தின் வருவாயும் சரிந்தது. அதன்பிறகு அது நாடுகளின் நன்கொடையை எதிர்பார்த்து நிற்கிறது. பசுமைக் காலநிலை நிதியமோ, கேட்கப்படும் பணம் காலநிலை மாற்றத்துக்காகத்தான், வழக்கமான வளர்ச்சிப் பணிக்காக அல்ல என்பதற்கு ஆதாரம் கேட்கிறது. கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் உண்ணிச்செடி காலநிலை மாற்றத்தால் வந்ததா? அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது. நாட்டின் புலி வாழிடக் காடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் அது இப்போது இருப்பதாக 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. காலநிலை மாற்றம் அதைக் கொண்டுவரவில்லை. வறட்சியும் வெப்பமும் கூடும்போது அதை அபாயகரமான விறகாக்குகிறது. இதைப் படிவத்தின் இரண்டு பத்திகளுக்குள் நிறுவ வேண்டும். மலைக்கிராமத்தின் கிராம சபைக்கு அது இயலாது. அதனால்தான் நகரத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவி தேவைப்படுகிறாள். இந்தத் தேவையும் நிதியின் செலவுகளில் ஒன்றுதான். எந்தக் கணக்கிலும் அது வருவதில்லை.

இந்தியாவுக்குள் பார்த்தால், தகவமைப்பு நிதியத்தின் தேசியச் செயலாக்க அமைப்பாக நபார்டு 2012இல் ஏற்கப்பட்டது. 2015இல் நடுவணரசு தேசியத் தகவமைப்பு நிதியைத் தொடங்கியது. அதன் கீழ் 30 திட்டங்களுக்கு ஏறத்தாழ 847 கோடி ரூபாய் ஒப்புதலானது. மன்னார் வளைகுடாக் கடலோர வாழிடங்களுக்கான தமிழ்நாட்டுத் திட்டம் அவற்றில் ஒன்று. 2022 நவம்பரில் அந்த நிதி தனித் திட்டம் என்ற நிலையை இழந்தது.

காட்டுக்கான பெரிய பணம் வேறிடத்தில் இருக்கிறது. நீலகிரியின் கூடலூர்க் காடுகள் அழிவதைக் கண்டு நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கு, உச்ச நீதிமன்றத்தில் நாடு முழுவதற்குமான வன வழக்காக விரிந்தது. காட்டு நிலத்தைச் சுரங்கத்துக்கோ அணைக்கோ சாலைக்கோ எடுப்பவர்கள் ஈடுகட்டும் பணம் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடு அந்த வழக்கின் வழியே உருப்பெற்றது. 2016இல் தனிச் சட்டமானது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 27 மாநிலங்களுக்கு 47,436 கோடி ரூபாய் மாற்றித் தரப்பட்டது. தேசியத் தகவமைப்பு நிதி தன் ஆயுள் முழுவதிலும் ஒப்புதல் அளித்த தொகையைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல். காடு எவ்வளவு போகிறதோ அவ்வளவு பணம் வருகிறது. வரும் பணம் பெரும்பாலும் நடவாகிறது. இயற்கையாக முளைப்பதைக் காப்பாற்றும் பணிகளுக்கும் அதன் விதிகளில் இடம் இல்லாமலில்லை. ஆனால் பணத்தைச் செலவிடுவது வனத்துறை. கிராம சபையின் இடம் கலந்தாலோசிக்கப்படுவதோடு நின்றுவிடுகிறது.

நடவுக்குப் பணம் வந்த வரலாறு கர்நாடகத்துக்குப் புதிதன்று. 1980களில் உலக வங்கி உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் இங்கே நடந்தது. நாற்றங்கால்களிலிருந்து பெருவாரியாக வெளியே போனது தைலமரக் கன்று. கோலாரில் கேழ்வரகு விளைந்த நிலங்கள் தைலத் தோப்பாயின. தும்கூர் மாவட்டத்தில் 1983இல் உழவர்கள் நாற்றங்கால் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். 1987 நவம்பரில் தார்வாட் மாவட்டத்துக் குசனூரில், ஊர்ப் பொதுநிலத்தில் ஆலைக்காக நடப்பட்ட தைலமரக் கன்றுகளை மக்கள் பிடுங்கி, அவ்விடத்தில் தங்களுக்குப் பயன்படும் மரங்களை நட்டார்கள். 'கித்திகோ ஹச்சிகோ', பிடுங்கு, நடு, என்பது அந்தச் சத்தியாக்கிரகத்தின் பெயர். நிலத்தடி நீரைக் காக்கவென்று புதிய தைலமர நடவை 2017இல் மாநில அரசே தடை செய்தது. கணக்கேடுகளில் அந்தத் திட்டம் தோல்வியடையவே இல்லை. இத்தனை கோடிக் கன்று என்ற இலக்கை அது எட்டியது. எண்ணிக்கை சரியாகவும் காரியம் தவறாகவும் இருக்க முடியும் என்பதற்கு இந்த மாநிலத்திலேயே சான்று இருக்கிறது.

இருந்தும் எண்ணுபவர்களை ஏளனம் செய்வது எளிது, நியாயமன்று. ஈடுகட்டும் காடு வளர்ப்பு பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2013இல் வெளியிட்ட அறிக்கை, கிடைக்க வேண்டிய காடல்லாத நிலத்தில் 27 விழுக்காடுதான் கிடைத்தது என்று காட்டியது. எண் இல்லாவிட்டால் அந்த ஏமாற்றம் வெளியே தெரிந்திருக்காது. வேறு கண்டத்தில் வரி கட்டுபவர், தன் பணம் போன இடத்தைக் கேட்கும்போது அவருக்கும் ஒரு விடை வேண்டும். எனவே கேள்வி, எண்ண வேண்டுமா என்பதன்று. எதை எண்ணுவது, யார் எண்ணுவது என்பது.

சந்தை இதைத் தீர்க்கும் என்று சிலர் நம்புகிறார்கள். ஓரளவு தீர்க்கவும் செய்கிறது. மலை மாதேசுவர மலையில் உண்ணித் தண்டில் நாற்காலி செய்யும் பணி 2004 முதல் நடக்கிறது. கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணித் தண்டில் செய்த ஆளுயர யானைகள் லண்டன் வரை போயின. 2024இல் பெங்களூர் லால்பாகிலும் நின்றன. தமிழ்நாட்டில் மஞ்சள் கொன்றையைக் காட்டிலிருந்து வெட்டி எடுத்துக் காகித ஆலை கூழாக்குகிறது. இவை நல்ல முயற்சிகள். ஆனால் சந்தை வாங்குவது வெட்டிய தண்டைத்தான். அடுத்த மழையில் முளைக்கும் விரற்கடை உயரச் செடியைப் பிடுங்கும் வேலைக்கு யாரும் விலை தருவதில்லை. காடு திரும்புவது அந்த வேலையில்தான் இருக்கிறது.

அந்த வேலைக்கு வேண்டிய பணம் சிறியது. ஆனால் நீண்டகாலம் வர வேண்டியது. உலக நிதி தரத் தெரிந்து வைத்திருப்பதோ பெரியதும் குறுகியதும். 2003 முதல் 2016 வரையிலான பன்னாட்டுக் காலநிலை நிதியத் தொகையில் உள்ளூர் அளவுக்கென ஒதுக்கப்பட்டது 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்று லண்டன் ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்கிட்டது. 2021இல் கிளாஸ்கோவில் பழங்குடிகளின் நில உரிமைக்கும் வனக் காவலுக்கும் என்று 170 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. முதலாண்டில் வழங்கப்பட்டதில் பழங்குடி அமைப்புகளுக்கு நேரடியாகச் சேர்ந்தது 7 விழுக்காடு. 2025இல் பெலெம் மாநாட்டில் தொடங்கப்பட்ட வெப்பமண்டலக் காடுகளுக்கான நிதியம், நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு 4 டாலர் என்றும், அதில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் என்றும் சொல்கிறது. நடுவதற்குப் பதிலாக இருப்பதற்குப் பணம் என்ற எண்ணம் இப்போதாவது வந்திருக்கிறது. ஆனால் அதன் கண் செயற்கைக்கோள். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மரக்கவிகை தெரியும். அதன் அடியில் நெல்லிக் கன்று நிற்கிறதா, உண்ணிப் புதர் அடைத்திருக்கிறதா என்பது தெரியாது.

விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருந்தபோது, இத்தகைய விண்ணப்பங்கள் பலவற்றைப் பார்த்துப் பழகிய மூத்த ஆய்வாளர் ஒருவரிடம் அவள் வரைவைக் காட்டினாள். அவர் நல்ல மனிதர். அவளுக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்றே விரும்பினார். "அந்தக் கட்டத்தில் ஐயாயிரம் என்று போட்டுவிடம்மா. நாற்றங்காலுக்குக் கொஞ்சம் செலவு காட்டி, மீதியைப் பராமரிப்பு என்ற தலைப்பில் களை எடுக்கத் திருப்பிக்கொள்ளலாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பூஜ்யம் போட்டால் முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள்," என்றார்.

அவர் சொன்னது உண்மை. இத்துறையில் நற்செயல்கள் பல இப்படித்தான் நடந்திருக்கின்றன. படிவத்துக்கு ஒரு மொழி, காட்டுக்கு ஒரு மொழி என்று இரண்டையும் பேசத் தெரிந்தவர்களால். அந்த இரவு அவள் கட்டத்தில் ஐயாயிரம் என்று எழுதியும் பார்த்தாள். அதற்கேற்பச் செலவுத் திட்டம் தடையின்றி அமைந்தது. பக்கத்தைப் புரட்டியபோது கடைசியில் கையொப்பத்துக்கான இடம் வந்தது. அங்கே அவளுடைய பெயர் இல்லை. கிராம சபைத் தலைவர், செயலாளர் என்று இரண்டு கோடுகள் மட்டும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்றாண்டு கழித்துத் தணிக்கைக்கு வருபவர் கன்றுகளைத் தேடுவார். ஐயாயிரம் எங்கே என்று கேட்பார். அன்று அவள் பட்டம் பெற்று வேறு ஊரில் இருப்பாள். மூத்த ஆய்வாளர் ஓய்வு பெற்றிருப்பார். விடை சொல்ல நிற்க வேண்டியவர், கன்று வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே சொன்ன அந்த முதியவர். காட்டை அழிப்பவர்கள் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டு, சேகரிப்பு மறுக்கப்பட்டு, நெடுநாள் போராடிப் பட்டயம் பெற்ற ஒரு மக்கள்மீது, கணக்கில் பொய் சொன்னவர்கள் என்ற பெயரும் விழும். அதைத் தேடித் தந்தது நகரத்திலிருந்து வந்த ஒரு நல்லெண்ணமாக இருக்கும். எதிர்பக்கத்திலும் எடை இருந்தது. பூஜ்யம் எழுதி விண்ணப்பம் தள்ளப்பட்டால், வரும் கோடையில் இளைஞர்கள் காபித் தோட்டத்துக்குப் போவார்கள்; இன்னோர் ஆண்டு உண்ணி வளரும். அந்த இழப்பும் அவளுடையதாக இருக்காது.

எனவே முடிவை அவள் எடுக்கவில்லை. மறுநாள் காலை சாமராஜநகர் பேருந்தில் ஏறினாள். கூட்டத்தில் இரண்டு வரைவுகளையும் வாசித்து, இரண்டின் விளைவுகளையும் சொன்னாள். விவாதம் மாலை வரை நடந்தது. இளைஞர்கள் சிலர் ஐயாயிரம் என்றே போடலாம் என்றார்கள். முதலில் கூலி வரட்டும், கன்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூலியைப் பற்றி முன்பு பேசிய அதே பெண், துறைக்காரர்கள் நட்ட கன்றுக்கே தாங்கள் காவல் நின்ற ஆண்டுகளை நினைவுபடுத்தி, செத்த கன்றுக்கு யார் கணக்குச் சொன்னார்கள் என்று கேட்டாள். கடைசியில் பூஜ்யம் என்று முடிவாயிற்று. அதோடு, எண்ண வேண்டியவை என்று நான்கு இனங்களைக் கிராம சபையே சொல்லி எழுதச் செய்தது: உண்ணி எடுத்த இடத்தில் தானாக எழுந்த நெல்லிக் கன்றுகள், புல்லுருவி நீங்கிய மரங்கள், கோடையில் ஊரில் தங்கிய இளைஞர்களின் எண்ணிக்கை, கூட்டுறவுச் சங்கத்தில் எடை போட்ட காட்டு நெல்லியின் அளவு. ஆண்டுதோறும் மாசி மாதத்தில் சபையே எண்ணும்; யார் வேண்டுமானாலும் வந்து சரிபார்க்கலாம். எண்களை மறுத்தவர்கள் அல்லர் அவர்கள். தங்களுக்குப் பொருளுள்ள எண்களைக் கொடுத்தார்கள்.

'நடப்படவுள்ள மரக்கன்றுகளின் எண்ணிக்கை: 0. இணைப்பைக் காண்க' என்று எழுதி விண்ணப்பம் போயிற்று. ஆறு வாரத்தில் விடை வந்தது. ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை. சுழியம் என்பது தட்டச்சுப் பிழையா என்று கேட்டிருந்தார்கள். பிழையன்று என்று கிராம சபை பதில் எழுதியது. அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று தெரிவிக்கப்பட்டிருக்கிறது.

பாயிடம் அவள் இதைச் சொன்னபோது கோடை தொடங்கிவிட்டது. சந்தில் தர்பூசணி வண்டிகள் வந்துவிட்டன. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, சாக்கிலிருந்து ஒரு கை நெல்லிமுள்ளியை அள்ளிப் பார்த்தார்.

"அந்த நாலாவது கணக்கு இருக்குதே, எடை போட்ட நெல்லி. அத யாரு பார்ப்பாங்க?"

"சங்கத்துல பதிவாகும் பாய். யாரு வேணும்னாலும் பார்க்கலாம்."

"அங்க போய் எதுக்குப் பார்க்கணும்? வந்தா இங்க தெரிஞ்சிடுமேம்மா," என்று அவர் நெல்லியை மறுபடி சாக்கில் போட்டார்.